அசிரியர்கள் பயமுறுத்தி மட்டும்தான் ஆண்டார்களா?

கேள்வி: வேதாகமத்தில் சனகெரிபின் படையெடுப்பைப் படித்திருக்கிறேன். அசிரியர்கள் தோற்றவர்களைக் கழுவேற்றினார்கள், தோலை உரித்தார்கள் என்று அண்மையில் ஒரு காணொளியில் பார்த்தேன். வெறும் பயத்தை வைத்துக்கொண்டு ஒரு பேரரசு அத்தனை காலம் நிற்குமா ஐயா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: நீங்கள் பார்த்தது பொய்யில்லை அம்மா. எதிரிகள் கட்டிவிட்ட கதையும் இல்லை. அசிரிய மன்னர்களே அதைக் கல்லில் செதுக்கி வைத்தார்கள். கி.மு. 701இல் யூதாவின் லாகீஸ் நகரைப் பிடித்த சனகெரிப், அந்த முற்றுகையை நினிவே அரண்மனையில் ஓர் அறையின் சுவர்கள் முழுக்கச் செதுக்க வைத்தான். அந்தப் பலகைகள் இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன.

அந்தச் சிற்பத்தில், மதிலை இடிக்கும் பொறி, கொட்டி உயர்த்திய மண்மேட்டின் மேல் ஏறுகிறது. மதில் மேலிருந்து தீப்பந்தங்கள் விழுகின்றன. பொறியில் இருக்கும் வீரன் ஒருவன் நீண்ட அகப்பையால் தண்ணீர் மொண்டு, பொறி தீப்பிடிக்காமல் ஊற்றிக்கொண்டே இருக்கிறான். வில்லாளிகளுக்குப் பின்னால் கவண்காரர்கள். ஒரு பக்கம் கழுவில் மூன்று உடல்கள். செதுக்கியவன் மிகைப்படுத்தவில்லை: அந்த மண்மேடு லாகீசில் இன்றும் இருக்கிறது. அங்கே தோண்டியபோது அம்பு முனைகளும் கவண்கற்களும் நூற்றுக்கணக்கில் கிடைத்தன.

முற்றுகை என்பது ஆளும் பொருளும் நாளும் தின்னும் வேலை. ஒரு நகரத்துக்கு நேர்ந்ததைக் கேட்டு அடுத்த நகரம் தானாகவே கதவைத் திறந்தால் மன்னனுக்கு லாபம். அசிரியர்களின் கொடூரம் வெறியில் பிறந்ததல்ல, கணக்குப் போட்டுச் செய்தது என்றே நான் நினைக்கிறேன். அதனாலேயே அது இன்னும் கொடியது.

ஆனால் உங்கள் கேள்விக்கான விடை அதே சிற்பத்தில் வேறொரு மூலையில் இருக்கிறது. மூட்டை முடிச்சுகளோடு மாட்டுவண்டிகளில் குடும்பங்கள் ஊரைவிட்டுப் போகின்றன. இதுதான் அசிரிய ஆட்சியின் அச்சாணி. கி.மு. 745இல் அரியணை ஏறிய மூன்றாம் திகிலாத்பிலேசர், வென்ற நாடுகளை மாகாணங்களாக்கி ஆளுநர்களின் கீழ் வைத்தான். மக்களைக் கூட்டங்கூட்டமாகப் பெயர்த்துத் தொலைதூரத்தில் குடியமர்த்தினான். சமாரியாவிலிருந்து 27,290 பேரைக் கொண்டுபோனதாகப் பின்னர் ஆண்ட மன்னன் இரண்டாம் சர்கோன் எழுதி வைத்திருக்கிறான். அவர்களின் தேர்வீரர்களைத் தன் படையிலேயே சேர்த்துக்கொண்டான். சொந்த மண்ணில் கலகம் செய்ய ஆளில்லை. தரிசு நிலத்தை உழ ஆள் கிடைத்தது.

காலாகு நகரில், அதாவது இன்றைய நிம்ரூதில், கிடைத்த களிமண் பலகைக் கடிதங்களில் இதன் அன்றாட வேலை தெரிகிறது. இடம்பெயரும் அரமேயருக்கு உணவு, உடை, செருப்பு, எண்ணெய் கொடுப்பதைப் பற்றி ஓர் அதிகாரி மன்னனுக்கு எழுதுகிறார். அவர்களுக்கு மணம் முடித்து வைக்கும்படி உத்தரவு. பெண்கள் இருக்கிறார்கள், ஆனால் பணம் தராமல் கொடுக்கமாட்டோம் என்று தகப்பன்மார் மறுக்கிறார்களாம். உலகை நடுங்க வைத்த அரசு சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறது! இப்படிப்பட்ட கடிதங்களை அரச சாலைகளில், தங்குமிடத்துக்குத் தங்குமிடம் கைமாற்றி, கோவேறு கழுதைகளில் வந்த தூதர்கள் கொண்டு சேர்த்தார்கள். பயம் நாட்டைப் பிடித்துக் கொடுத்தது. பிடித்ததை வைத்திருந்தது இந்தக் கடிதங்களும் சாலைகளும்தான்.

இதை நல்லாட்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செருப்பும் எண்ணெயும் கொடுத்தாலும், பிறந்த மண்ணிலிருந்து பிடுங்குவது பிடுங்குவதுதான். கப்பம் கட்டிச் சலித்த நாடுகளும் எதையும் மறக்கவில்லை. கி.மு. 614இல் மேதியர்கள் ஆசூர் நகரைச் சூறையாடினார்கள். கி.மு. 612இல் பாபிலோனியரும் மேதியரும் சேர்ந்து நினிவேயை எரித்தார்கள். ஆனால் மாகாணம், ஆளுநர், அரச சாலை என்ற அமைப்பு மறையவில்லை. பிறகு வந்த பாரசீகர்களும் அந்த வழியிலேயே ஆண்டார்கள். குடிபெயர்க்கப்பட்ட மக்களோடு ஊர் ஊராகப் பரவிய அரமேய மொழியே அவர்களுக்கும் அரசாங்க மொழியானது.