காட்டுக்குக் காவல் யார்?

காடு என்றால் என்ன? தாவர நூல் பயிலும் மாணவனைக் கேட்டால், மரம், செடி, மண், பூச்சி, விலங்கு யாவும் ஒன்றையொன்று சார்ந்து வாழும் கூட்டம் என்பான். வன இலாகா அதிகாரியைக் கேட்டால், இத்தனை எக்டேர் நிலம், இத்தனை கன மீட்டர் மரம் என்பார். காட்டோரக் கிராமத்துப் பெண்ணைக் கேட்டால், நாளைய அடுப்புக்கு விறகு என்பாள். மூன்றும் உண்மையே. ஆனால், சமுதாயத்தின் நன்மைக்காகக் காட்டைப் பேண வேண்டும் என்று சொல்லும்போது, சமுதாயம் என்று நாம் யாரைக் குறிக்கிறோம்? இக்கேள்விக்கு விடை தேட நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. நாம் படிக்க வந்திருக்கும் இவ்வங்க மாநிலத்திலேயே ஆராபாரி என்றோர் இடம் இருக்கிறது. மேதினிப்பூர் நகரத்துக்கு வடக்கே, சால்போனியைக் கடந்து செல்லும் சாலையில் அது உள்ளது.

சட்டம் வந்த வழி

ஆராபாரியின் சிறப்பு விளங்க வேண்டுமானால், முதலில் பழைய கதையைச் சிறிது அறிய வேண்டும். ரயில் பாதைகள் பெருகியபோது ஸ்லீப்பர் கட்டைகளுக்கு மரம் ஏராளமாகத் தேவைப்பட்டது. 1864இல் பிராண்டிஸ் என்னும் ஜெர்மானியர் இந்தியக் காடுகளின் முதல் தலைமை அதிகாரியானார். 1865இல் முதல் வனச் சட்டம் வந்தது. 1878ஆம் ஆண்டுச் சட்டம் காடுகளை ஒதுக்கப்பட்டவை, பாதுகாக்கப்பட்டவை, கிராமக் காடுகள் என மூவகையாக்கியது. முதல் இரண்டும் பெருகின. மூன்றாவது பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது. விடுதலைக்குப் பின் வந்த 1952ஆம் ஆண்டு வனக் கொள்கையும், நாட்டு நலனுக்கு ஊறு நேரும்படி கிராம மக்களின் தேவையை அனுமதிக்க இயலாது என்றே கருதியது. விளைவு என்ன? காட்டருகே பிறந்தவன் அந்தக் காட்டுக்கே திருடனானான். தனதல்லாத பொருளைக் காக்க எவன் முன்வருவான்?

சால மரத்தின் இயல்பு

மேதினிப்பூர் வட்டாரத்து மண் சரளை நிறைந்த செம்மண். அங்கே இயற்கையாக ஓங்கி வளர்வது சால மரம். ஜமீன் ஒழிப்புக்குப் பின் 1950களில் இக்காடுகள் அரசாங்கத்தின் வசமாயின. கைமாறுவதற்கு முன்பே ஜமீன்தார்கள் பலர் மரங்களை வெட்டி விற்றுவிட்டனர். எஞ்சியவற்றை விறகு வெட்டுவோர் தீர்த்தனர்.

ஆயினும் சால மரம் எளிதில் சாவதில்லை. கரும்பை வெட்டிய பின் அடிக்கட்டை மீண்டும் தழைப்பதை நம் உழவர்கள் மறுதாம்பு என்பார்கள் அல்லவா? சால மரத்துக்கும் அந்த இயல்பு உண்டு. மேலே மரம் இல்லாவிட்டாலும் கீழே வேர் உயிரோடு இருக்கும். அதில் சேமித்து வைத்த உணவைக் கொண்டு கட்டையிலிருந்து பல துளிர்கள் கிளம்பும். விதையிலிருந்து முளைத்த கன்றைவிட அத்துளிர் விரைந்து வளரும். எனவே புதிதாக மரம் நடுவதைவிட, இருக்கும் துளிரைச் சில ஆண்டுகள் மாடு மேயாமலும் அரிவாள் படாமலும் காப்பதே பெரிய வேலை. கட்டையையும் தோண்டி எடுத்துவிட்டால் மட்டும் பின்னர் வழியில்லை.

ஆக, இங்கே விஞ்ஞானம் சொல்வது ஒன்றுதான்: காவல் வேண்டும். காவல் யார் என்பதோ விஞ்ஞானம் மட்டும் விடை சொல்லக்கூடிய கேள்வியன்று.

ஆராபாரி ஒப்பந்தம்

அஜித் குமார் பானர்ஜி என்னும் வன அதிகாரி அங்கே மர வளர்ப்பு ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தார். அவருடைய சோதனைத் தோட்டங்களை ஆடுமாடுகளும் விறகு வெட்டுவோரும் அழித்துவந்தனர். காவலரைப் பெருக்கிப் பயனில்லை என்று அவர் கண்டார். விறகு விற்றுத்தான் அம்மக்கள் பிழைத்தார்கள். அந்த வருவாய்க்கு மாற்று இல்லாமல் எவரையும் தடுக்க முடியாது. எனவே 1972இல் அவர் சுற்றியிருந்த 11 கிராமங்களுடன் பேசினார். 1,272 எக்டேர் காட்டை மக்கள் காக்க வேண்டும். அதற்கு ஈடாக நடவு வேலையும் அறுவடை வேலையும் அவர்களுக்கே கிடைக்கும். சுள்ளி, இலை, தீவனம் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளலாம். முதிர்ந்த மரம் விற்ற பணத்தில் கால் பங்கும் தரப்படும் என்பது ஏற்பாடு.

பயன் வியப்பூட்டியது. ஒன்றுக்கும் உதவாது என்று கழிக்கப்பட்ட அக்காடு 1983இல் 12.5 கோடி ரூபாய் மதிப்புடையதாகக் கணக்கிடப்பட்டது. 1989இல் மாநில அரசாங்கம் இம்முறையைத் தென்மேற்கு வங்கத்தில் பரப்ப ஆணையிட்டது. 1988ஆம் ஆண்டுப் புதிய தேசிய வனக் கொள்கை, காட்டோர ஏழைகளின் விறகு, தீவனத் தேவைகளுக்கே காட்டு விளைபொருளில் முதலிடம் என்றது. 1990 ஜூன் 1ஆம் நாள் மத்திய அரசாங்கம் எல்லா மாநிலங்களுக்கும் சுற்றறிக்கை விடுத்தது. கூட்டு வன மேலாண்மை என்று இன்று வழங்குவது இதுவே.

யாருக்கு எந்தக் காடு?

இத்துடன் நிறுத்தினால் பாதிப் பாடமே ஆகும். மரம் முதிரச் சுமார் பத்தாண்டு ஆகும்; அடுப்போ அன்றாடம் எரிய வேண்டும். காட்டை மூடிக் காக்கும் ஆண்டுகளில் விறகுக்காகக் கூடுதல் தொலைவு நடப்பவள் பெண். நிலமில்லாத வீட்டுக்கு அச்சுமை இன்னும் மிகுதி. மேலும், வெற்றிடத்தில் தைல மரத்தை நட்டால் விரைவில் கழி கிடைக்கும். கணக்கேட்டில் அதுவும் காடுதான். ஆனால் அதன் இலையை மாடு தின்னாது. அதைக் கொண்டு தையல் இலை தைத்துச் சந்தையில் விற்கவும் முடியாது. சால இலை அவ்விரு தேவைகளுக்கும் உதவும். எந்த மரம், எத்தனை ஆண்டுக்கு ஒரு வெட்டு என்ற நுட்ப முடிவு ஒவ்வொன்றும், யாருக்கு நன்மை என்ற முடிவும் ஆகும்.

பங்கும் உரிமையும்

ஆராபாரியில் மக்களுக்குக் கிடைத்தது பங்கு. ஆணையால் தந்த பங்கை ஆணையால் திரும்பப் பெறலாம். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அடுத்த படியை வைத்தது. தலைமுறை தலைமுறையாகப் பேணிவந்த சமூகக் காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் அம்மக்களுக்கு அது உரிமை அளித்தது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மெண்டா லேகா என்னும் கோண்டுப் பழங்குடிக் கிராமம் 2009இல் அவ்வுரிமை பெற்றது. எனினும், வெட்டிய மூங்கிலை வெளியே கொண்டு செல்லும் அனுமதிச் சீட்டைத் தானே வழங்கும் அதிகாரம் அதற்கு 2011இல்தான் கிடைத்தது. உரிமை ஏட்டிலிருந்து கைக்கு வர அத்தனை நாள்!

விஞ்ஞானம் பயிலும் நாம் துளிர் வளரும் வேகத்தை அளக்கலாம். மண்ணில் நீர் இறங்கும் அளவைக் கணக்கிடலாம். அவை வேண்டியவையே. ஆனால் அளவுகோலைக் கையில் எடுக்கும்முன், இந்தக் காட்டை நம்பி இன்று மாலை அடுப்பு மூட்டப்போகிறவர் யார் என்று ஒருமுறை கேட்டுக்கொள்வோம். அவரையும் காவலராகவும் உரியவராகவும் ஏற்ற இடத்தில் காடு தழைத்தது. அவரை விலக்கி வைத்த இடத்தில் நெடுங்காலம் வேலியும் வழக்குமே வளர்ந்தன.