ஒட்டுக் குழாய் திறந்திருக்கிறதா?

பைபாஸ் அறுவை செய்துகொண்ட உறவினரின் காலைக் கவனித்திருக்கிறீர்களா? பலருக்கு அதில் ஒரு தழும்பு இருக்கும். இதயத்தில் செய்த அறுவைக்குக் காலில் ஏன் தழும்பு? அங்கிருந்து எடுத்த சிரையைத்தான், அடைப்பைத் தாண்டி இரத்தம் செல்லும் மாற்றுப் பாதையாக மருத்துவர் பொருத்துகிறார். 1967-இல் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக்கில் பணியாற்றிய அர்ஜென்டினா மருத்துவர் ரெனே ஃபவலோரோ இம்முறையை நிலைநாட்டினார்.

சிரையின் இயல்பான வேலை, இரத்தத்தை அமைதியாக இதயத்துக்குத் திருப்பி அனுப்புவது. ஒட்டிய பிறகோ, ஒவ்வொரு துடிப்பின் அழுத்தத்தையும் அது தாங்க வேண்டும். நாளடைவில் சுவர் தடிக்கிறது, கொழுப்பு படிகிறது. பத்து ஆண்டுகளில் ஏறக்குறைய பாதிச் சிரைகள் அடைபடுகின்றன அல்லது குறுகிவிடுகின்றன. மார்பின் உட்பகுதித் தமனியை ஒட்டினால், பத்தில் ஒன்பது திறந்தே இருக்கும்.

உள்ளே பார்ப்பது எப்படி? மணிக்கட்டு அல்லது தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்திச் சாயம் பாய்ச்சுவது பழைய வழி. ஒவ்வொரு சிரை ஒட்டின் வாயையும் பெருந்தமனியில் தேடிப் பிடிக்க வேண்டும். இரத்தக்கசிவு, பக்கவாதம் போன்ற ஆபத்துகளும் சிறிதளவு உண்டு.

சி.டி. ஸ்கேனில் கைச்சிரையில் ஊசி போட்டால் போதும். மூச்சை அடக்கும் சில விநாடிகளில், இ.சி.ஜி. துடிப்போடு இணைந்து கருவி படமெடுக்கும். நாடி வேகமாக இருந்தால் மாத்திரையால் தணிப்பார்கள். ஒட்டுச் சிரை அகலமானது. இதயத் தமனியைவிடக் குறைவாகவே அசையும். சுண்ணாம்புப் படிவும் குறைவு. அதனால் படம் தெளிவாக விழுகிறது. மார்புத் தமனியை ஒட்டியிருந்தால், அது கிளைக்கும் காறை எலும்புப் பகுதியிலிருந்தே படமெடுக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. அறுவையில் வைத்த உலோகக் கிளிப்புகள் படத்தை மங்கச் செய்யலாம். கதிர்வீச்சு உண்டு, சிறுநீரகம் பழுதானவர்களுக்குச் சாயத்தில் கவனம் தேவை. குறுகல் தெரிந்தாலும், இதயத் தசைக்கு இரத்தம் குறைகிறதா என்பதை அறிய வேறு சோதனை வேண்டியிருக்கலாம்.

தொந்தரவு இல்லாத எல்லாருக்கும் ஆண்டுதோறும் இந்த ஸ்கேன் தேவையில்லை. நடக்கும்போது நெஞ்சு இறுக்கமோ மூச்சுத் திணறலோ திரும்பினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஓய்விலும் வலி நிற்காவிட்டால் ஸ்கேனுக்குக் காத்திருக்காமல் ஆம்புலன்ஸை அழையுங்கள்.

இன்னொன்று: அறுவை அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். எத்தனை ஒட்டு, எங்கிருந்து எங்கே என்பது தெரியாவிட்டால், முழுதும் அடைபட்ட ஒன்று படத்தில் கண்ணுக்குத் தப்பிவிடலாம்.