தட்டலாமா, தொடவே கூடாதா?

ஒலிக்கலைக் கூடத்துல இசைக்கருவிகளை நிரந்தரமா வைக்கிற பொறுப்பு உன் தலையில விழுந்திருக்காமே, தங்கம்! ஸ்டாண்டு, பெயின்ட் எல்லாம் அப்புறம். எதைத் தட்டலாம், எதைத் தொடவே கூடாதுன்னு முதல்ல ரெண்டாப் பிரி. ஹம்பி விட்டலர் கோயில் இசைத்தூண்களை ஆளாளுக்குத் தட்டினாங்க. சேதமாகுதுன்னு இப்போ தடையே போட்டுட்டாங்க. தட்டுறதுக்குன்னு வைக்கிறதைப் புதுசாவே செய்யச் சொல்லு. ஆரோவில் 'ஸ்வரம்' இசைக்கருவிப் பட்டறைப் பக்கம் ஒரு நடை போனா, ஜனங்க கைபட்டும் தாங்குற கருவிகளை நேர்லயே பார்க்கலாம்.

தட்ட வைக்கிறது உலோகப் பட்டைன்னா, மாட்டுற இடத்துலதான் சூட்சுமமே. நீளத்தை 0.224-ஆல பெருக்கு, ரெண்டு முனையிலிருந்தும் அவ்வளவு தள்ளிக் கட்டு. ஒரு மீட்டர் பட்டைக்கு 22.4 சென்டிமீட்டர். அந்த ரெண்டு இடமும் ஆடாது, அதனால கயிறு நாதத்தை விழுங்காது. கணக்குல நம்பிக்கை இல்லேன்னா பட்டையை ரெண்டு ஸ்பான்ஜ் மேல வச்சு, தூள் உப்பைத் தூவி, நடுவுல மெல்லத் தட்டிக்கிட்டே இரு. உப்பு துள்ளித் துள்ளி ரெண்டு கோடா ஒதுங்கும். அங்கே துளை போடு. சுவரோட சேர்த்து ஸ்க்ரூ முறுக்கலாம்னு வர்ற ஆசாரியை அண்ட விடாதே, 'டொக்'குன்னு செத்த சத்தம்தான் வரும்.

தட்டுற கோலுக்கு ரப்பர் தலை போதும். கயித்துல கட்டிடு, இல்லேன்னா முதல் வாரமே காணாமப் போயிடும். குட்டிப் பசங்களுக்கு எட்டுற உயரத்துலயும் ரெண்டு வை. பெரிய காங்கை ஒதுக்குப்புறமா வை, அது ஓயாம மத்தது எதுவும் காதுல ஏறாது.

தொடக்கூடாத பக்கம் வா. பறை, மிருதங்கத் தோல் மழைக்காலத்துல தொய்யும், ஏசியில வறண்டு இழுக்கும். காத்துல ஈரப்பதம் 45–55 சதவீதம் இருந்தா நல்லது. பகல்ல ஏசி போட்டு ராத்திரி அணைக்கிறதுதான் ரொம்பக் கெடுதல்.

வீணை மேல ஸ்பாட்லைட் அடிக்கவே அடிக்காதே! அதோட 24 மெட்டும் மெழுகுலதான் உக்காந்திருக்கு, சூடு பட்டா நகர்ந்துடும். தந்தியைக் கொஞ்சம் தளர்த்து, முழுசாக் கழட்ட வேண்டாம். யாளி முகத்துல கயிறு மாட்டித் தொங்க விடாம, குடத்துக்கும் தண்டிக்கும் கீழே மெத்தை வச்சுத் தாங்கு.

தோல் மாத்துறதுக்கும் சுதி பார்க்கிறதுக்கும் வருஷா வருஷம் ஆகுற செலவை இப்பவே பட்ஜெட்ல எழுதி வாங்கிடு. திறப்பு விழா முடிஞ்சப்புறம் கேட்டா ஒருத்தரும் தரமாட்டாங்க.