எழுத்துப் புணர்ச்சியும் ஒரு விளையாட்டு நிரலும்

நிலைமொழி ஈறும் வருமொழி முதலும் சேருமிடத்து நிகழும் மாற்றங்களை நம் இலக்கணிகள் புணர்ச்சி எனப் பெயரிட்டு நுணுகி ஆராய்ந்தனர். அதனை ஒத்த விதிகள் ஒரு கணிப்பொறி நிரலிலும் அமைந்திருத்தல் வியப்பிற்குரியது. ஃபிக்லெட் என்பது அந்நிரலின் பெயர்.

கட்டளை வரியில் ஒரு சொல்லை அளித்தால், கோடு, அடைப்புக்குறி முதலிய விசைப்பலகைக் குறிகளையே அடுக்கி, அச்சொல்லைப் பெரிய எழுத்துகளில் இந்நிரல் வரைந்து காட்டும். அவ்வளவே அதன் தொழில். 1991இல் ஃபிராங்க் ஷீரன் என்பாரின் மின்னஞ்சல் ஒப்பம் கண்டு ஊக்கமுற்ற கிளென் சாப்பெல், சி மொழியில் 170 வரிகளில் இதனை எழுதினார். இயன் சாய் அதனை விரிவாக்கினார். மூலநிரல் எவரும் எடுத்துத் திருத்தத்தக்கதாக வெளியிடப்பட்டுள்ளது. பைத்தான் மொழியில் பைஃபிக்லெட் என்னும் வடிவமும் உண்டு. அது கட்டளையாகவும், பிற நிரல்கள் அழைத்துக்கொள்ளும் நிரல் நூலகமாகவும் பயன்படுகிறது.

இனி விதிகளைக் காண்போம். எழுத்துகள் தத்தம் முழு அகலத்தோடு தனித்து நிற்கலாம், தொடுமளவு நெருங்கலாம், ஒரு குறியளவு ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒன்றாகலாம். மூன்றாவதே புணர்ச்சி. இரு நிமிர்கோடுகள் சந்தித்தால் ஒன்று கெடும். அடிக்கோடு நிமிர்கோட்டைச் சந்தித்தால் அடிக்கோடு கெடும். எதிரெதிர் அடைப்புக்குறிகள் கூடி நிமிர்கோடாகத் திரியும். சாய்கோடுகள் இரண்டு '\/' எனக் கூடின் ஆங்கில 'ஒய்' எழுத்தாகும். 'மரம்+வேர்' மரவேர் ஆதலும், 'பொன்+குடம்' பொற்குடம் ஆதலும் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கன. 'வாழைப்பழம்' போலும் தோன்றல் விகாரம் மட்டும் அங்கு இல்லை. புதுக்குறி எதுவும் இடையே முளைப்பதில்லை. புணரவே கூடாத இடத்திற்குக் கெட்டி வெற்றிடம் என ஒன்றை வகுத்துள்ளனர். சொற்களின் இடைவெளி அதனாலேயே அழியாது நிற்கிறது. எவ்விதிகள் செல்லும் என்பதை ஒவ்வோர் எழுத்துருக் கோப்பும் தன் முதல் வரியிலேயே அறிவித்துவிடுகிறது.

எழுத்துரு ஒன்றில் 102 குறிகள் கட்டாயம் இருத்தல் வேண்டும்: ஆங்கிலத்திற்குரிய 95, ஜெர்மனுக்குரிய 7. பிற மொழிகளைக் குறியெண் இட்டுச் சேர்க்கலாம். வலமிருந்து இடமாக எழுதவும் வழியுண்டு. ஈப்ரு எழுத்துரு ஒன்று உடன் வருகிறது. அரபியிலோ திசை மட்டும் போதாது. சொல்லின் முதல், இடை, கடை என இடத்திற்கேற்ப எழுத்தின் உருவே மாறும்.

தமிழுக்குள்ள இடர் வேறு. யுனிகோட் முறையில் 'கெ' என்பது ககரம் முன்னும் ஒற்றைக்கொம்பு பின்னுமாகப் பதிவாகிறது. குறியெண் வரிசையிலேயே உருக்களை அடுக்கும் ஃபிக்லெட், கொம்பைக் ககரத்திற்குப் பின்னே நட்டுவிடும். நிரலின் குற்றம் என இதனைக் கொள்ளலாகாது. உயிர்மெய்யை அது அறியாது, அவ்வளவே. நூலகத்திற்கு உரையை அனுப்புமுன் உயிர்மெய்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிற்கும் யுனிகோடின் தனிப்பயன் பகுதியில் ஒரு குறியெண் தந்தால் இவ்விடர் நீங்கும். அங்கு 6400 இடங்கள் உள. நமக்கு வேண்டுவன 247ஓடு சில கிரந்த எழுத்துகள்.

எஞ்சுவது வரையும் பணி. வழக்கமான எழுத்துருவின் உயரம் ஆறே வரி. அதற்குள் ணகரத்தின் மூன்று சுழிகளும் அடங்குமா என்பதை மாணவர் எவரேனும் கட்டத்தாளில் வரைந்து பார்த்தே கூறவேண்டும்.