ஆயத்த வீடா, பழுதுள்ள வீடா? – ஒரு பொருளாதாரப் பார்வை

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மனிதனின் அடிப்படைத் தேவைகள் என்று பொருளாதாரப் பாடத்தின் தொடக்கத்திலேயே படிக்கிறோம். முதல் இரண்டில் தவறு நேர்ந்தால் அடுத்த மாதமே திருத்திக் கொள்ளலாம். மூன்றாவதில் நேரும் தவறோ இருபது ஆண்டுகள் நம்மோடு வரும். "வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்றனர் நம் முன்னோர். இன்று நம்மில் பலர் வீட்டைக் கட்டுவதில்லை, வாங்குகிறோம். ஆகவே, உடனே குடிபுகத்தக்க புது வீட்டை வாங்குவதா, விலை குறைந்த பழைய வீட்டை வாங்கிப் பழுது பார்ப்பதா என்னும் கேள்வி எழுகிறது.

இக்கேள்வி எனக்குப் பாடப்புத்தகத்தில் எழுந்ததன்று. நூற்பாலையில் உழைத்து ஓய்வு பெற்ற என் தந்தையாரின் சேமநல நிதி, பணிக்கொடை, தாயாரின் சீட்டுப்பணம் எல்லாம் சேர்ந்து எங்களிடம் இருந்தது 10 இலட்சம் ரூபாய். வங்கிக் கடனுக்கு என் அண்ணனின் சம்பளம் இருந்தது. சூலூர் வட்டாரத்தில் இரண்டு வீடுகளைப் பார்த்தோம். புது வீட்டின் விலை 30 இலட்சம். பழைய ஓட்டு வீட்டின் விலை 22 இலட்சம்.

கோவையும் அதன் பழைய வீடுகளும்

கோவையில் 1888-இல் ஸ்டேன்ஸ் ஆலை தொடங்கியது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு நூற்பாலைகள் பெருகின. பீளமேடு, சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர் எனத் தொழிலாளர் குடியிருப்புகள் வளர்ந்தன. சுற்றியுள்ள ஊர்களில் திண்ணை வைத்த வீடுகளும், வசதி படைத்தோரின் தொட்டிக்கட்டு வீடுகளும் இருந்தன. அவற்றுள் எஞ்சியவை பாகப்பிரிவினைக்குப் பின் ஒவ்வொன்றாக விற்பனைக்கு வருகின்றன. ஊருக்கு வெளியே புது மனைப்பிரிவுகளில் ஆயத்த வீடுகள் எழுகின்றன. நம் முன் நிற்கும் இரு வழிகள் இவையே.

பழைய வீட்டின் உடலும் தோலும்

பழைய வீட்டைப் பார்க்கும்போது உடலின் நோயையும் தோலின் அழுக்கையும் பிரித்தறிய வேண்டும். வெளுத்த சுண்ணாம்பு, உடைந்த தரை, சில ஓடுகள் நழுவிய கூரை ஆகியன தோலைச் சேர்ந்தவை. அஸ்திவாரம், சுவர், விட்டம் ஆகியன உடல்.

கோவைக்குக் கிழக்கே கரிசல் மண் உள்ள பகுதிகள் உண்டு. மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் அம்மண், ஆழமில்லாத அஸ்திவாரத்தை அசைத்துவிடும். சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பு அதன் அடையாளமாக இருக்கலாம். வெடிப்பின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டிச் சில மாதம் கவனித்தால், துண்டு உடைகிறதா என்பதைக் கொண்டு சுவர் இன்னும் அசைகிறதா என்று அறியலாம். விட்டத்தையும் கைமரத்தையும் ஆணியால் குத்திப் பார்த்தால் கரையான் அரித்த இடம் பொதபொதவென்று உள்ளே வாங்கும். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசி ஓடுகளை நகர்த்தும்; ஐப்பசி மழை அந்த இடைவெளியில் இறங்கும். எனவே பழைய வீட்டை ஐப்பசியில் ஒருமுறை பார்ப்பது நன்று.

மண் சாந்தாலோ சுண்ணாம்புச் சாந்தாலோ கட்டிய சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும் இயல்புடையது. அதன்மீது சிமெண்டுப் பூச்சுப் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, ஓதம் மேலேறி, பூச்சே பெயர்ந்து விழும். பழுது பார்க்கப் போய்ப் புதுப் பழுதை உண்டாக்கும் கதை இது.

நாங்கள் அழைத்துச் சென்ற மேஸ்திரி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்: "செவுரு கெட்டியாத்தானுங்க இருக்குது. மேல மரந்தானுங்க போயிருச்சு. பிரிச்சுப் பாத்தாத்தானுங்க கணக்குச் சொல்ல முடியும்." பழைய வீட்டின் பொருளாதாரம் முழுவதும் அக்கடைசி வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது. விலை முன்னே தெரியும். செலவு பின்னேதான் தெரியும்.

புது வீடு குறையற்றதா?

புது வீட்டின் குறைகளைப் புதுச் சாயம் மறைத்திருக்கும். சிங்காநல்லூரில் வீட்டுவசதி வாரியம் 1980-களில் கட்டிய அடுக்குமாடி வீடுகளும் ஒருகாலத்தில் ஆயத்த வீடுகளே. சில பத்தாண்டுகளில் அவை மிகவும் பழுதடைந்து, இடித்துப் புதிதாகக் கட்ட வேண்டும் என்று உரிமையாளர்களே கேட்கும் நிலை வந்தது.

சட்டப் பாதுகாப்பிலும் வேறுபாடு உண்டு. 'ரெரா' எனப்படும் 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14 ஆம் பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரிய வந்தால், தெரிவித்த 30 நாட்களுக்குள் கட்டி விற்றவர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். ஆனால் 500 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறத்தாழ 12 சென்ட்டுக்கு, மிகாத நிலத்தில் எழும் சிறு திட்டங்களுக்குப் பதிவு கட்டாயமில்லை. ஆகவே ரெரா பதிவு எண் உண்டா என்று முதலில் கேட்க வேண்டும். பழைய வீட்டுக்கு 1882 ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55 ஆம் பிரிவே துணை. சாதாரணக் கவனத்தால் வாங்குபவர் கண்டறிய முடியாத முக்கியக் குறையைத் தெரிந்த விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது அது. கண்ணுக்குத் தெரியும் வெடிப்புக்கு நாமே பொறுப்பு.

இரண்டுக்கும் வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், பட்டா ஆகியவற்றைப் பார்த்தே தீர வேண்டும். பழைய வீட்டில் பங்காளிகள் அனைவரும் கையெழுத்திடுகிறார்களா என்பது கூரையைவிட முக்கியம்.

கணக்கு சொல்லும் உண்மை

பழைய வீட்டுக்குப் பழுது செலவு 6 இலட்சம் என்று மேஸ்திரி உத்தேசமாகச் சொன்னார். ஆக 28 இலட்சம். புது வீட்டைவிட 2 இலட்சம் மிச்சம் என்று மகிழ்ந்தோம். பிறகு கையில் வேண்டிய ரொக்கம் எவ்வளவு என்று எழுதிப் பார்த்தோம்.

விலையில் 80 விழுக்காட்டை வங்கிக் கடனாகக் கொண்டோம். முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்குக் கடன் வரம்பைக் கணக்கிடும்போது இச்செலவுகளை விலையோடு சேர்க்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

புது வீடு: நம் பங்கு 6 இலட்சம், பத்திரச் செலவு 2.70 இலட்சம், மொத்தம் 8.70 இலட்சம்.

பழைய வீடு: நம் பங்கு 4.40 இலட்சம், பத்திரச் செலவு 1.98 இலட்சம், பழுது 6 இலட்சம், எதிர்பாராச் செலவுக்குப் பழுதில் கால் பங்காக 1.50 இலட்சம், வேலை முடியும் வரை ஆறு மாத வாடகை 48 ஆயிரம், மொத்தம் 14.36 இலட்சம்.

விலை குறைந்த வீட்டுக்கு ஏறத்தாழ ஐந்தரை இலட்சம் கூடுதல் ரொக்கம் வேண்டியிருந்தது! பழுதுக்கெனத் தனிக் கடன் உண்டு; ஆனால் அதுவும் மாதத் தவணையைக் கூட்டும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 9 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுகளுக்குக் கணக்கிட்டால், புது வீட்டின் 24 இலட்சம் கடனுக்கு மாதத் தவணை ஏறத்தாழ ரூ. 21,590, பழைய வீட்டின் 17.60 இலட்சத்துக்கு ரூ. 15,840. மாதம் ஐயாயிரத்துக்கு மேல் குறைவு. ஆகவே கையில் ரொக்கம் உள்ளவருக்குப் பழைய வீடு சுமை குறைந்ததே.

ஆயத்த வீட்டின் விலையில் பெரும்பகுதியைக் கடனாகப் பெறலாம். பழைய வீட்டின் பழுதை ரொக்கமும் காலமும் கொண்டே தீர்க்க வேண்டும். குறைந்த விலையைக் கண்டு பழைய வீட்டை நாடுவோர் பெரும்பாலும் ரொக்கம் இல்லாதவர்களே. இடையில் பணம் தீர்ந்தால் கூரை பிரித்த வீட்டுக்குத் தவணையும், குடியிருக்கும் வீட்டுக்கு வாடகையும் ஒருங்கே கட்ட நேரிடும்.

முடிவுரை

நாங்கள் புது வீட்டையே வாங்கினோம். எஞ்சிய 1.30 இலட்சம் மின்விசிறி, அலமாரி, குடிபோகும் செலவு என்று கரைந்தது. திண்ணையும் வேப்பமரமும் உள்ள அந்தப் பழைய வீட்டை நினைத்து அம்மா இன்றும் பெருமூச்சு விடுவதுண்டு. அவ்வீட்டைத் தச்சுவேலை தெரிந்த ஒருவர் வாங்கினார். சமையலறைப் பக்கக் கூரையை முதலில் மாற்றி, அதற்குள் குடியேறி, மற்ற அறைகளை ஞாயிற்றுக்கிழமைகளில் தாமே சீர் செய்து வருகிறார். வாடகையும் இல்லை, தச்சுக்கூலியும் இல்லை. எங்களுக்குப் பொருந்தாத வீடு அவருக்குப் பொருந்தியது.

எனவே மாணவ நண்பர்களே, நாளை உங்கள் வீட்டில் இப்பேச்சு எழும்போது, எந்த வீடு மலிவு என்று மட்டும் கேளாதீர்கள். பத்திரம் முடிந்த மறுநாள் நம் கையில் எவ்வளவு இருக்கும் என்று ஒரு தாளில் எழுதிப் பெரியவர்களிடம் காட்டுங்கள். நாம் கற்ற பொருளாதாரம் நம் வீட்டுக்குச் செய்யும் முதல் உதவி அதுவாக இருக்கட்டும்.