வளர்ச்சிக்கு ஓர் எல்லை: வில்ம்ஸ் கட்டியும் ஒடுக்கும் மரபணுவும்

உயிருக்கு வளர்ச்சி எத்துணை இன்றியமையாததோ, அது உரிய வேளையில் நிற்பதும் அத்துணை இன்றியமையாதது. நில்லா வளர்ச்சியே புற்றுநோய். குழந்தைகளின் சிறுநீரகத்தில் தோன்றும் வில்ம்ஸ் கட்டியைக் கொண்டு இவ்வுண்மையை ஈண்டுக் காண்போம்.

நோயின் இயல்பு

செருமானிய அறுவை மருத்துவர் மாக்ஸ் வில்ம்ஸ் 1899ஆம் ஆண்டில் இக்கட்டியை விரிவாக ஆராய்ந்து எழுதினார். அவர் பெயரே இதற்கு நிலைத்தது. ஏறத்தாழ 10,000 குழந்தைகளுள் ஒருவருக்கு, பெரும்பாலும் ஐந்து வயதிற்குள், இது தோன்றுகிறது. கருவில் சிறுநீரகமாக முதிர வேண்டிய உயிரணுக்களுள் சில முதிராமலே பெருகுவதால் இக்கட்டி உருவாகிறது.

மரபணுவின் பணி

1990ஆம் ஆண்டில் பதினோராம் குரோமோசோமின் குறுங்கரத்தில் டபிள்யூ.டி.1 என்னும் மரபணு கண்டறியப்பட்டது. இது ஆக்கும் புரதம் 'துத்தநாக விரல்கள்' எனப்படும் நான்கு உறுப்புகளால் டி.என்.ஏ. இழையைப் பற்றி, பிற மரபணுக்களை இடத்திற்கேற்ப இயக்கும் அல்லது அடக்கும். இன்சுலினை ஒத்த வளர்ச்சிக் காரணி 2, இரத்தத் தட்டணு வளர்ச்சிக் காரணி ஆகியவற்றின் மரபணுக்களை இப்புரதம் அடக்கவல்லது என்று 1990களின் தொடக்கத்தில் ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டின. எனவே இது கெடின் வளர்ச்சிக் காரணிகள் கட்டுமீறக்கூடும் எனக் கருதப்பட்டது.

எனினும் உண்மை இத்துணை எளிதன்று. இக்கட்டிகளுள் ஒரு சிறுபகுதியில் மட்டுமே டபிள்யூ.டி.1 பழுதுற்றுள்ளது. வேறு பலவற்றில் வளர்ச்சிக் காரணி 2இன் மரபணுவிலேயே கேடு நேர்கிறது. இயல்பாகத் தந்தைவழிப் படியே இயங்க, தாய்வழிப் படி உறங்கிக் கிடக்கும். கட்டியிலோ உறங்கியதும் விழித்துக்கொள்வதை 1993இல் அறிஞர் கண்டனர். காரணி இருமடங்காகிறது. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், டபிள்யூ.டி.1 நீக்கப்பட்டு, வளர்ச்சிக் காரணி 2உம் மிகுவிக்கப்பட்ட எலிகளிடத்தே இக்கட்டி தோன்றியது. தடை நீங்குதலும் உந்துதல் மிகுதலும் கூடியே கேடு விளைவிப்பதை இது உணர்த்துகிறது.

நாம் கொள்ள வேண்டுவன

இந்நோய் பெரும்பாலும் பரம்பரையாக வருவதன்று. உயிரணுவுள் தற்செயலாக நேரும் பிழையின் விளைவு. தாயின் உணவையோ நடத்தையையோ பழிப்பது அறியாமை; துயருற்ற அன்னைக்கு மேலும் ஒரு துயர். குழந்தையின் வயிற்றில் வலியின்றித் தோன்றும் வீக்கத்தையும் புறக்கணியாது உடனே மருத்துவரை நாடுதல் வேண்டும். அறுவையும் மருந்தும், தேவைப்படின் கதிர்வீச்சும் முறையாகக் கிடைக்கும் நாடுகளில் பத்துக் குழந்தைகளுள் ஏறத்தாழ ஒன்பதின்மர் பிழைக்கின்றனர். இச்செய்தியை இல்லந்தோறும் தமிழில் கொண்டு சேர்த்தல் கற்றோர் கடனாகும்.