யாப்பியப் பிணிகளும் அளவறிந்த உடற்பயிற்சியும்

முன்னுரை

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து'. பத்துக் குறட்பாக்களைக் கொண்ட இவ்வதிகாரத்தில் தனி மருந்து ஒன்றின் பெயரேனும் இடம்பெறவில்லை. அதிகாரத்தின் பெரும்பகுதி உணவின் அளவைப் பேசுகிறது. இறுதிக் குறட்பாக்கள் மருத்துவன் அறிந்து செய்ய வேண்டுவனவற்றைப் பேசுகின்றன. அவற்றுள் ஒன்று, நோயுற்றவனின் அளவு, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவத்தைத் தொடங்குதல் வேண்டும் என்று வற்புறுத்துகிறது. இதற்கு உரை கண்ட பரிமேலழகர், நோயின் அளவை விளக்குமிடத்துத் தீர்வது, தீராதது, யாப்பியம் என அதனை மூவகைப்படுத்துவார். யாப்பியம் என்பது முற்றிலும் நீங்காத நோய். ஆயினும் முறையாகப் பேணும்வரை அடங்கி நிற்பது. பேணுதலைக் கைவிடின் மீண்டும் தலைதூக்குவது.

இன்று நம் இல்லங்கள்தோறும் பேசப்படும் நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதய நோய், மூட்டுத் தேய்வு, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் ஆகியவை பெரும்பாலும் இந்த யாப்பிய வகையைச் சார்ந்தவையே. இவற்றை அடக்கி வைப்பதில் மாத்திரைக்கும் உணவுக் கட்டுப்பாட்டிற்கும் இணையாக, அவரவர்க்கென அளந்து வகுக்கப்பட்ட உடற்பயிற்சி பெறும் இடம் யாது என்பதை, வள்ளுவர் கூறும் மூன்று அளவுகளையே அடியொற்றி ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

ஓய்விலிருந்து இயக்கத்திற்கு

உடற்பயிற்சியை மருந்தாகக் கருதும் எண்ணம் புதியதன்று. சுசுருதரின் மருத்துவ நூல், ஒருவன் தன் வலிமையில் பாதியளவே பயிற்சியில் செலவிடுதல் வேண்டும் என வரையறுக்கிறது. நீரிழிவு போன்ற மேக நோய் உடையோர்க்கு நெடுநடையையும் விதிக்கிறது. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்னு சீனா இயற்றிய 'அல்கானூன்' என்னும் மருத்துவப் பெருநூல், பயிற்சிக்கெனத் தனிப்பகுதி ஒதுக்கி, மல்யுத்தம், ஓட்டம், விரைநடை, வில்வித்தை என அதன் வகைகளைப் பிரித்துக் காட்டுகிறது. ஒருவர்க்கு உகந்த பயிற்சி மற்றொருவர்க்கு ஊறாகலாம் என்னும் கருத்து அப்பொழுதே வேரூன்றியிருந்தது.

மேலை நாட்டு மருத்துவத்திலும் இத்தகைய குறிப்புகள் உண்டு. நெஞ்சுவலி நோயை விரித்துரைத்த ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹெபர்டன், நாள்தோறும் அரைமணி நேரம் மரம் அறுத்து ஏறக்குறைய நலம்பெற்ற நோயாளி ஒருவரைக் குறித்து எழுதியுள்ளார். அவர் மறைவுக்குப் பின் 1802இல் வெளிவந்த நூலில் இக்குறிப்பு காணப்படுகிறது. எனினும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், மாரடைப்புக்கு ஆளானவர்களை வாரக்கணக்கில் அசையாது படுக்கவைத்தலே மருத்துவ நெறியாக இருந்தது. உணவைக்கூடப் பிறரே ஊட்டினர். 1952இல் அமெரிக்க மருத்துவர்களான சாமுவேல் லெவைனும் பெர்னார்டு லோனும், இத்தகையோரை விரைவிலேயே நாற்காலியில் அமர்த்தலாம் என்று எழுதியபோது அது துணிவான கருத்தாகவே கருதப்பட்டது.

அதற்கு மறு ஆண்டே மற்றொரு சான்று வந்தது. இலண்டன் மாநகரின் மாடிப் பேருந்துகளில் பணியாற்றியோரை ஜெரி மாரிஸ் என்னும் மருத்துவர் தம் குழுவினருடன் ஆராய்ந்தார். ஓட்டுநர் பணிநேரம் முழுவதும் அமர்ந்தே இருப்பார். நடத்துநரோ பயணச்சீட்டு வழங்குவதற்காக நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான படிகளை ஏறி இறங்குவார். ஒரே நிறுவனம், ஒரே பேருந்து. ஆயினும் ஓட்டுநரைவிட நடத்துநரிடம் மாரடைப்பு குறைவாகக் காணப்பட்டது. நேர்ந்தபோதும் அதன் கடுமை குறைந்திருந்தது. 1953இல் 'லான்செட்' இதழில் வெளிவந்த இவ்வாய்வு, உடலியக்கம் பற்றிய பிற்கால ஆய்வுகளுக்கெல்லாம் முன்னோடி எனலாம்.

நோயுற்றவரின் அளவு

'தினமும் நடங்கள்' என்பது அறிவுரை. மருத்துவக் குறிப்பு ஆகாது. மாத்திரை எழுதும் மருத்துவர் அதன் பெயர், அளவு, வேளை, நாள் ஆகியவற்றைக் குறிப்பது போன்றே பயிற்சியிலும் நான்கு கூறுகள் குறிக்கப்படுதல் வேண்டும். வாரத்தில் எத்தனை நாள், எவ்வளவு கடுமையுடன், எவ்வளவு நேரம், எவ்வகைப் பயிற்சி என்பனவே அவை. இந்நான்கும் ஆளுக்கு ஆள் வேறுபடும்.

சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடைபெற்று, 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேர் இதில் பங்கேற்றனர். அமர்ந்த பணி செய்வோர்க்கு நாள்தோறும் 30 நிமிடமேனும் விரைந்து நடக்குமாறு கூறப்பட்டது. உடலுழைப்பு மிக்க தொழில் செய்வோரும், ஏற்கெனவே அந்த அளவு நடப்போரும் மிதிவண்டி ஓட்டுவோரும் தம் வழக்கத்தையே தொடருமாறு அறிவுறுத்தப்பட்டனர். உணவு நெறியும் உடன் சேர்க்கப்பட்டது. ஏறத்தாழ மூன்றாண்டுகளில், பொது அறிவுரை மட்டும் பெற்றவர்களுள் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவாளர் ஆயினர். வாழ்க்கைமுறை மாற்றத்தை மேற்கொண்டோருள் அவ்வாறு ஆனவர் நூற்றுக்கு 39 பேர். மெட்ஃபார்மின் மாத்திரை பெற்ற பிரிவினரின் பயனும் ஏறக்குறைய இதே அளவினதாகவே இருந்தது. நடையும் உணவும் சேர்ந்து ஒரு மாத்திரைக்கு ஈடாக நின்றன என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

பயிற்சியின் கடுமையை அளப்பதிலும் ஆளறிதல் வேண்டும். நாடித்துடிப்பை எண்ணிக் கடுமையை மதிப்பிடுவது பொது வழக்கம். ஆனால் இரத்த அழுத்தத்திற்கோ இதய நோய்க்கோ 'பீட்டா தடுப்பான்' வகை மாத்திரை உட்கொள்வோரின் நாடி, உழைப்புக்கு ஏற்றவாறு உயர்வதில்லை. வெறும் எண்ணிக்கையை நம்பும் இவர்கள் அளவு மீறிவிடக்கூடும். இத்தகையோர்க்குச் சுவீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் போர்க் வகுத்த அளவுகோல் உதவுகிறது. உழைப்பு தமக்கு எவ்வளவு கடினமாகத் தோன்றுகிறது என்பதை 6 முதல் 20 வரையிலான எண்ணால் நோயாளியே கூறுவது அம்முறை. இதனினும் எளிய முறையும் உண்டு. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. பேசவும் இயலாது மூச்சு வாங்கினால் வேகம் மிகுதி என அறிந்து குறைத்தல் வேண்டும்.

நோயின் அளவு

நோய்க்கு நோய் பயிற்சியின் வகையும் நோக்கமும் மாறுபடும். மூன்று நோய்களை மட்டும் இங்குக் காண்போம்.

நீரிழிவு: இரத்தத்திலுள்ள சர்க்கரை தசைக்குள் நுழைவதற்குப் பொதுவாக இன்சுலின் வேண்டும். தசை சுருங்கி விரியும்போது, இன்சுலின் துணையின்றியும் சர்க்கரையை உள்வாங்கும் வாயில் திறக்கிறது. பயிற்சி முடிந்த பின்னும் ஒருநாள் அல்லது இரண்டு நாள் வரை இன்சுலினுக்குத் தசை இணங்கி நிற்கிறது. எனவேதான் இரண்டு நாளுக்கு மேல் தொடர்ந்து பயிற்சியை விடலாகாது என்பர். ஆயினும் இன்சுலின் ஊசியோ, இன்சுலினைத் தூண்டும் சில மாத்திரைகளோ எடுத்துக்கொள்வோர்க்குப் பயிற்சியின்போது சர்க்கரை அளவுக்கு மீறித் தாழலாம். நடுக்கம், வியர்வை, கண் இருட்டல் தோன்றின் உடனே நிறுத்தி இனிப்பு உட்கொள்ள வேண்டும். காலில் உணர்வு மங்கியவர் வெறுங்காலுடன் நடத்தல் கூடாது. பொருத்தமான காலணி அணிவதும், நடந்து திரும்பியதும் பாதத்தில் கொப்புளமோ காயமோ உண்டா எனப் பார்ப்பதும் இன்றியமையாதவை. விழித்திரையில் புதிய குருதிக் குழாய்கள் முளைத்துள்ளோர் மூச்சை அடக்கிப் பளு தூக்குதலையும் தலைகீழாய் நிற்றலையும் தவிர்த்தல் வேண்டும். நோய் ஒன்றே, எனினும் மூவர்க்கு மூன்று விலக்குகள்!

மூட்டுத் தேய்வு: 'தேய்ந்த முழங்காலை நடந்து மேலும் தேய்ப்பதா?' என்னும் வினா பல இல்லங்களிலும் எழுவது. அதனால் நடையை விடுகின்றனர், தொடைத் தசை மெலிகிறது, மெலிந்த தசை மூட்டைத் தாங்காது, வலி பெருகுகிறது, நடை மேலும் குறைகிறது. இது ஒரு நச்சுச் சுழல். மூட்டின் குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டு இயங்கும்போது அழுந்தியும் விரிந்தும், நீரை உறிஞ்சும் பஞ்சு போல, மூட்டுநீரிலிருந்தே அது தன் உணவைப் பெறுகிறது. ஆகவே அளவான இயக்கம் மூட்டுக்குத் தேய்வன்று; ஊட்டமே. டென்மார்க்கில் 2013இல் தொடங்கப்பட்ட ஒரு திட்டத்தில், மூட்டுத் தேய்வுடையோர்க்கு நோயைப் பற்றிய ஓரிரு பாடங்களும், இயன்முறை மருத்துவர் மேற்பார்வையில் ஆறு வாரங்களில் 12 பயிற்சி அமர்வுகளும் வழங்கப்படுகின்றன. முதலில் பாடம், பின்னரே பயிற்சி என்னும் வைப்புமுறை ஆசிரியப் பணியிலுள்ள நம் கருத்தைக் கவர்வது. அஞ்சுபவர்க்கு அச்சத்தின் காரணம் நீங்கினாலன்றிக் கால் எழாது.

நுரையீரல் அடைப்பு நோய்: நாட்பட்ட புகைப்பழக்கத்தாலும், விறகடுப்பின் புகையாலும் நுரையீரல் சிதைந்தோர்க்குச் சில அடிகள் நடப்பதும் மலையேறுதல் போன்றது. பயிற்சி சிதைந்த நுரையீரலைச் சீராக்குவதில்லை. பின் அதனால் பயன் யாது? பழகிய கால்தசை குறைந்த காற்றைக்கொண்டே மிகுந்த வேலையைச் செய்கிறது, மூச்சிரைப்புக் குறைகிறது. ஆறு நிமிடத்தில் எவ்வளவு தொலைவு நடக்க முடிகிறது என அளந்து, அவ்வளவிற்கேற்பப் பயிற்சி தொடங்கப்படுகிறது. இதழைக் குவித்து மெல்ல மூச்சுவிடும் முறையும் உடன் கற்பிக்கப்படுகிறது. நோய் அப்படியே இருக்க, வாழ்வு சற்றே விரிகிறது. தாமே குளிக்கவும், வாசல்வரை சென்று விருந்தினரை வரவேற்கவும் இயலுகிறது. யாப்பியப் பிணியில் வெற்றி என்பது இதுவே.

காலம்

மூன்றாவது அளவு காலம். பயிற்சியில் விரைவு கேடு தரும். நெடுநாள் அமர்ந்திருந்தவர் முதல்நாளே ஒருமணி நேரம் நடத்தல் தகாது. ஐந்து நிமிடம் அல்லது பத்து நிமிடத்தில் தொடங்கி, வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டுவதே முறை. நாட்பட்ட நோயுடையோர் உள்ளிட்ட வளர்ந்தோர்க்கு உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் வகுத்த நெறி, வாரத்திற்கு 150 முதல் 300 நிமிட மிதமான இயக்கத்தையும், வாரத்தில் இரண்டு நாளேனும் தசைவலிமைப் பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. இது சென்றடைய வேண்டிய இலக்கு, புறப்படும் இடமன்று. அந்த அளவை எட்டவியலாதவர்க்கும் இயன்ற அளவு இயங்குதல் நன்மையே என்று அந்நெறி தெளிவுபடுத்துகிறது.

காலம் என்பது வேளையையும் குறிக்கும். ரமலான் மாதத்தில் நோன்பு நோற்கும் நீரிழிவாளர்க்கு, நோன்பு திறப்பதற்கு முந்தைய மாலைப்பொழுதில் கடும்பயிற்சி ஆகாது. சர்க்கரை தாழ்வதற்கு வாய்ப்பு மிகுந்த வேளை அது. இரவில் நிகழும் தராவீஹ் தொழுகையில் நிற்றலும் குனிதலும் அமர்தலும் மீண்டும் மீண்டும் வருதலின், அதனையும் அன்றைய உடலியக்கத்தின் ஒரு பகுதியாகவே கணக்கிடுமாறு மருத்துவ வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. நோன்புக்கு முன்னரே மருத்துவரை அணுகி, மருந்தின் அளவையும் பயிற்சியின் வேளையையும் மாற்றியமைத்துக் கொள்ளுதல் அறிவுடைமை.

நிறுத்த வேண்டிய காலத்தை அறிதலும் இதன்பாற்படும். நெஞ்சில் இறுக்கம், மயக்கம், வழக்கத்திற்கு மாறான படபடப்பு, காய்ச்சல் ஆகியன தோன்றும்போது பயிற்சியை நிறுத்தி மருத்துவரை நாடுதல் வேண்டும்.

துணை நிற்போர்

நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து துணைசெய்வோன் என மருத்துவத்தின் உறுப்புகள் நான்கு என்பதும் வள்ளுவர் கருத்து. இந்நான்காம் உறுப்பே நம்மிடையே பெரிதும் மறக்கப்படுகிறது. தந்தைக்கு மாத்திரை வாங்கித் தரும் மகன், அவருடன் தெருமுனை வரை நடப்பதில்லை. தாயின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. 'வீட்டு வேலையே பெரிய பயிற்சிதானே' என்று சொல்லி அவர் நடைக்குரிய நேரத்தை நாமே பறித்துக்கொள்கிறோம். வீட்டுவேலையும் இயக்கமே, ஆயினும் முழங்கால் வலியுடையவர் தரையிலமர்ந்து நெடுநேரம் செய்யும் வேலை, தொடைத்தசையை வலுப்படுத்தும் முறையான பயிற்சிக்கு ஈடாகாது. வெளியே செல்லத் தயங்கும் பெண்டிர் மொட்டை மாடியிலோ கூடத்திலோ நடக்கலாம். நாற்காலியில் அமர்ந்தவாறே காலை நீட்டி மடக்கலாம். அந்த அரைமணி நேரத்தை அவர்க்கு விட்டுக்கொடுக்கும் மனமே குடும்பத்தார் தரவேண்டிய மருந்து.

தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், நீரிழிவு, இரத்த அழுத்தத்திற்கான மாத்திரைகளோடு இயன்முறை மருத்துவத்தையும் இல்லந்தேடி வழங்கும் நோக்குடன் அமைந்தது. நோயாளியின் வீட்டையும் படியையும் கட்டிலையும் நேரில் கண்டு பயிற்சி வகுப்பதற்கு இது வழிகோலியது. ஆனால் வந்தவர் கற்பித்துச் சென்றபின் நாள்தோறும் நினைவூட்ட வேண்டியவர் வீட்டாரே.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், உடற்பயிற்சி பொதுவான அறிவுரை அன்று, அளந்து தரவேண்டிய மருந்து என்பது பெறப்படும். அண்டை வீட்டாரின் மாத்திரையை நாம் விழுங்குவதில்லை. அவர்தம் பயிற்சியை மட்டும் ஆராயாது பின்பற்றுதல் முறையோ? நாட்பட்ட நோயுடையோர் மருத்துவரையும் இயன்முறை மருத்துவரையும் கலந்து தமக்குரிய அளவை அறிந்து, அதனை விடாது மேற்கொள்வாராயின், தீராத பிணியும் அடங்கி வாழ இடந்தரும். இம்மலரைப் படிக்கும் மாணவச் செல்வங்கள் இன்று மாலை தம் பெற்றோரின் கைப்பற்றிச் சிறிது தொலைவு உடன் நடப்பாராயின், அதுவே இக்கட்டுரையின் பயன் எனக் கொள்வோம்.